பிடிப்பலகையும் நான்கு திருகும்

கைத்துப்பாக்கியின் உறுப்புகளில் சொந்தக்காரர் முதலில் கழற்றி மாற்றுவது பெரும்பாலும் பிடியின் இருபக்கப் பலகைகளைத்தான். சுடும் வேலையில் அவற்றுக்கு ஏறக்குறையப் பங்கே இல்லை. கைக்கு வாகாக இருக்க வேண்டும், வியர்வையில் வழுக்கக் கூடாது, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்; அவ்வளவே. ஆனால் அந்தப் பலகைகளை உலோக உடலில் நிறுத்திவைப்பது லேசான காரியமாக இருந்ததில்லை. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்ட, ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கோல்ட் துப்பாக்கியில் அதற்கு ஒரு முடிவு கிடைத்தது. அதில் பலகைகளைத் தாங்கும் திருகும், திருகு இறங்கும் சிறு எஃகுக் குழாயான புஷ்ஷும் நூறாண்டு கடந்தும் அளவு மாறாமல் இருக்கின்றன. முதல் உலகப்போர்க் காலத்தில் செய்த பலகை, இன்று செய்யப்படும் அதே மாதிரித் துப்பாக்கியிலும் உட்காரும்.

சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிய காலத்துத் துப்பாக்கிகளில் பிடி தனி உறுப்பாகவே இல்லை. குழலுக்கு அடியில் ஓடும் வால்நட் கட்டைதான் பின்னால் வளைந்து பிடியானது. பிடி உடைந்தால் முழுக் கட்டையையும் புதிதாகச் செதுக்க வேண்டும். சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வர்கள் இதை மாற்றின. 1851ஆம் ஆண்டு நேவி ரிவால்வரில் பிடியின் முன்விளிம்பும் பின்விளிம்பும் உலோகப் பட்டைகள். நடுவே ஒற்றை மரத்துண்டு செருகப்பட்டிருக்கும். மரத்துக்கென்று திருகு கிடையாது. பின்பட்டையின் திருகுகளைக் கழற்றினால்தான் மரம் வெளியே வரும். 1873இல் வந்த சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரும் தொடக்கத்தில் இதே முறையில்தான் இருந்தது. தொழிற்சாலையில் மரத்தையும் உலோகத்தையும் ஒன்றாகப் பொருத்தி, ஒன்றாகவே இழைத்து மெருகேற்றினார்கள். அதனால் ஒரு துப்பாக்கியின் பிடி இன்னொன்றில் சரியாக அமராது. எது எதனுடையது என்று தெரிய, துப்பாக்கியின் எண்ணை மரத்தின் உட்புறத்தில் எழுதிவைக்கும் பழக்கமும் இருந்தது.

1880களில் இந்த ரிவால்வருக்குக் கெட்டி ரப்பர் பிடி வந்தது. கந்தகம் கூட்டி ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் பிறந்த கெட்டி ரப்பரை அச்சில் வார்க்கலாம். கழுகு, குதிரை என்று சின்னங்களைக் கைவேலை இல்லாமலே பதிக்கலாம். அச்சில் வார்க்க இரண்டு தட்டையான பாதிகளே வசதி. இடப் பாதியும் வலப் பாதியும் தனித்தனியானதும், இரண்டையும் இழுத்துப் பிடிக்க ஒரு திருகு தேவைப்பட்டது. ஒரு பலகையில் நுழைந்து பிடியின் நடுவே குறுக்காக ஓடி மறு பலகையில் முடியும் ஒற்றைத் திருகு ரிவால்வர்களில் வழக்கமாயிற்று. மாற்றுவதும் எளிதாயிற்று: திருப்புளியும் ஐந்து நிமிடமும் போதும்.

தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வந்தபோது இந்த எளிமை போயிற்று. ரிவால்வரின் பிடிக்குள் ஒரு வில்லும் காலி இடமும்தான் உண்டு. புதிய வகையிலோ பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிய மேகசின் ஏறி இறங்குகிறது. அதன் பாதையில் குறுக்குத் திருகு போட முடியாது. 1896ஆம் ஆண்டின் ஜெர்மானிய மவுசர் இந்தச் சிக்கலில் சிக்கவே இல்லை. அதன் மேகசின் விசைக்கு முன்னால் இருந்ததால் பிடி ஒல்லியாகவும் உருண்டையாகவும் இருந்தது; ஒரே ஒரு குறுக்குத் திருகு இரண்டு மரப்பலகைகளையும் பிடித்தது. அந்தத் துப்பாக்கி முழுவதிலும் இருந்த திருகு அது ஒன்றுதான் என்பது மவுசரின் பொறியாளர்களுக்குப் பெருமை. முதல் உலகப்போரில் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று செய்த மவுசர்களின் மரப்பிடியில் பெரிய 9 ஒன்றைச் செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசினார்கள். வழக்கமான 7.63 தோட்டாவைத் தவறிப்போய்ப் போட்டுவிடக் கூடாதல்லவா? எச்சரிக்கைப் பலகையாகவும் பிடி பயன்பட்ட அபூர்வ சந்தர்ப்பம் அது.

பிடிக்குள் மேகசின் வைத்த துப்பாக்கிகளில் ஒவ்வொரு பலகையும் தன் பக்கச் சுவரையே பற்றி நிற்க வேண்டும். அந்தச் சுவரோ மெல்லியது. பருத்த மரை வெட்டினால் இரண்டு சுற்றுக்கூட நிற்காது. பலமுறை கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து, துப்பாக்கியின் உடலே கெட்டுவிடும். பிரவுனிங்கின் துப்பாக்கியில் இதற்குக் கிடைத்த விடைதான் புஷ். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறு எஃகுப் புஷ்கள். வெளிப்புற மரை சுமார் 6 மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 60 சுற்று. மெல்லிய சுவரிலும் சில சுற்றுகள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நெருக்கம். உள்ளே அங்குலத்துக்கு 50 சுற்றுள்ள மரையில் சிறிய திருகு இறங்கும். புஷ்ஷை உடலில் முறுக்கிய பிறகு, மேகசின் பாதைப் பக்கமிருந்து அதன் உள்விளிம்பைத் தட்டிப் பரப்பிவிடுவார்கள்; பின்னர் அது சுலபத்தில் சுழலாது. அளவுக்கு மேல் பரப்பிவிட்டால் மேகசின் உரசும்.

புஷ்ஷின் இன்னொரு வேலை வெளியே தெரியாதது. அதன் தலை சுவரிலிருந்து சற்று எழும்பி நிற்கும். பலகையின் துளை அதன்மேல் இறுக்கமாக அமரும். சுடும்போது எழும் உதைப்பை வாங்குவது இந்தத் தலைதான். திருகு பலகையை உள்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தால் போதும். தேய்ந்தால் புஷ்ஷை மாற்றலாம், உடலை மாற்ற வேண்டியதில்லை. துப்பாக்கியின் பிற பகுதிகளுக்குக் கிடைத்த புகழில் இந்தச் சிறு உறுப்புக்குப் பங்கு கிடைக்கவில்லை. ஆனால் பின்னாளில் பிடிப்பலகை வணிகம் ஒன்று தழைத்ததே இதனால்தான். இடப் பலகைக்கு மட்டும் சிறு கூடுதல் பொறுப்பு உண்டு: பாதுகாப்பு நெம்புகோலுக்கும் ஸ்லைடு தடுப்புக்கும் அழுத்தம் தரும் சிறு குழாய் உடலிலிருந்து தளர்ந்து விலகாதபடி அதன் மேல்விளிம்பு தாங்கிக்கொள்ளும். கைவினைஞர் ஒருவர் அழகுக்காக அந்த விளிம்பைச் சீவிவிட்டால் அந்தத் தாங்கல் போய்விடும்.

முதல் பலகைகள் வால்நட் மரத்தில் செய்யப்பட்டன. முகப்பெங்கும் குறுக்கு நெடுக்காக நுண்ணிய வரிகள் அறுத்து, திருகுத் துளையைச் சுற்றி மட்டும் சாய்சதுரமாக மரத்தை வரியில்லாமல் விட்டார்கள். ‘இரட்டை வைரம்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். அலங்காரம் என்று தோன்றினாலும், வரி அறுத்தால் பலம் குறையும் இடத்தில் மரத்தை முழுத் தடிமனில் விட்டுவைப்பது நல்ல தச்சு அறிவு. 1920களின் நடுவில் துப்பாக்கியைத் திருத்தியபோது விசை குட்டையாயிற்று. பிடியின் பின்புறம் வளைந்தது. சாய்சதுரமும் மறைந்து முகப்பு முழுவதும் வரியாயிற்று. திருகும் புஷ்ஷும் தொடப்படவில்லை.

இரண்டாம் உலகப்போர் மரத்தையே ஒதுக்கியது. வரி அறுக்க நேரமில்லை. கோல்ட் நிறுவனத்துக்கு 1920களிலிருந்தே பிளாஸ்டிக் பிரிவு ஒன்று இருந்தது. அங்கிருந்து ‘கோல்ட்வுட்’ என்ற பழுப்புப் பலகைகள் வந்தன. பிற தொழிற்சாலைகளுக்கு மெயின் மாநிலத்தின் கீஸ் ஃபைபர் நிறுவனம் வார்த்துக் கொடுத்தது. அந்தத் தொழிற்சாலைகளின் பட்டியலே விசித்திரமானது: தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ரேண்ட், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், தையல் இயந்திரம் செய்த சிங்கர். சிங்கர் செய்தது வெறும் 500 துப்பாக்கிதான்; இன்று அதிக விலை பேசப்படுவதும் அதற்குத்தான். தொடக்ககாலப் பிளாஸ்டிக் பலகைகளின் பின்புறம் குழிவாக இருந்ததால் திருகை இறுக்கும்போது துளையைச் சுற்றி விரிசல் விட்டது. பிறகு துளையைச் சுற்றித் தடித்த வளையமும் பின்புறத்தில் குறுக்கு விலாக்களும் சேர்த்தார்கள். ஒரு பலகை போரின் தொடக்கத்தில் வார்த்ததா, இடையில் வார்த்ததா என்பதை இந்த வளையத்தையும் விலாவையும் பார்த்தே இன்று ஊகிக்கிறார்கள்.

போர்க்களத்தில் சிப்பாய்கள் தாமே செய்துகொண்ட மாற்றம் ஒன்று உண்டு. நொறுங்கி விழுந்த விமானங்களின் பிளெக்ஸிகிளாஸ் ஜன்னல்களை அறுத்து, அரம் வைத்து ராவி, பழைய பலகையின் அளவில் துளையிட்டு, அடியில் மனைவி அல்லது காதலியின் படத்தை வைத்துத் திருகை இறுக்கினார்கள். ‘ஸ்வீட்ஹார்ட்’ பிடி என்று அதற்குப் பெயர். ராணுவச் சொத்தில் கைவைத்த குற்றம்தான், ஆனால் பழைய பலகையைப் பையில் பத்திரப்படுத்தினால் நான்கு திருகில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மிச்சமிருக்கும் தோட்டாக்களை எண்ணிப் பார்க்கவே ஒளிபுகும் பலகை போட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. இந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை அது பொருந்தாது: பலகையைக் கழற்றினால் அடியில் இருப்பது மூடிய எஃகுச் சுவர்.

அலங்காரப் பிடியின் வழி வேறு. தந்தம், முத்துச்சிப்பி, வெள்ளி வார்ப்பு ஆகியவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பரிசுத் துப்பாக்கிகளில் ஏறிவிட்டன. ஜெனரல் ஜார்ஜ் பாட்டன் 1916இல் வாங்கிய சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வரின் தந்தப் பிடியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. அதை யாராவது முத்துச்சிப்பி என்றால் அவருக்குக் கோபம் வரும். யானைத் தந்தத்தின் உலக வணிகத்தை நிறுத்த 1989இல் முடிவெடுத்து 1990 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியபின், பிடி செய்பவர்கள் எலும்புக்கும் பிசினுக்கும் நகர்ந்தார்கள்.

மரத்திலும் இதே நெருக்கடி வந்தது. வால்நட்டுக்கு அடுத்தபடி விரும்பப்பட்டவை கருஞ்சிவப்பு ரோஸ்வுட் வகைகள். அவற்றில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அதைக் காக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரியிலிருந்து அந்த மரப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சாயமேற்றிப் பசையில் அழுத்திய அடுக்கு மரம், துணியும் பிசினும் சேர்ந்த மிக்கார்ட்டா, கண்ணாடி இழை எப்பாக்ஸி ஆகியவை அந்த இடத்துக்கு வந்தன. கடைசியாகச் சொன்னது மின்சுற்றுப் பலகைக்கு அடிப்பொருளாகப் பயன்படும் அதே பொருள். எண்ணெய் ஊறாது, விரிசல் விடாது. மரத்தின் கதகதப்பு அதற்கு இல்லை என்பவர்களின் குறையிலும் நியாயம் உண்டு.

போருக்குப் பின் ராணுவத்தின் உபரித் துப்பாக்கிகள் பொதுச்சந்தைக்கு வந்ததும், குறி பார்த்துச் சுடும் போட்டிகள் பெருகியதும் பிடி மாற்றுவதைத் தனித் தொழிலாக்கின. திருகின் இடைவெளி மாறாததால், மெல்லிய பலகை, தடித்த பலகை, கட்டைவிரல் தாங்கும் மேடுள்ள பலகை, விரல்களைச் சுற்றி அணைக்கும் ரப்பர் என எதையும் ஒரே அளவில் துளையிட்டு விற்க முடிந்தது. மிக மெல்லிய பலகைக்கு மட்டும் குட்டையான புஷ்ஷும் குட்டைத் திருகும் வேண்டும். பழைய புஷ்ஷில் அந்தப் பலகையை வைத்தால் புஷ்ஷின் தலை துருத்தி நிற்கும்.

இந்தத் தொழிலின் தீராத தலைவலி திருகு கழல்வது. ஒவ்வொரு குண்டுக்கும் அதிர்வதால் திருகு மெல்ல மெல்ல வெளியே வரும். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் காற்றுப் படாத இடத்தில் இறுகும் பசையைக் கண்டுபிடித்தார். லாக்டைட் என்று பெயர் பெற்ற அது மரைகளைப் பிடித்துவைத்தது. கோல்ட் தொழிற்சாலை இருந்ததும் அதே ஊரில்தான். ஆனால் பசையைத் தவறான மரையில் போட்டால் வேறு வினை: திருகைக் கழற்ற முயன்றால் புஷ்ஷும் சேர்ந்து சுழன்று வெளியே வரும், உடலின் நுண்மரையும் கூடவே பிய்ந்துவிடலாம். பசையைப் புஷ்ஷுக்கும் உடலுக்கும் இடையே போட்டு, திருகின் தலைக்கு அடியில் ரப்பர் வளையம் ஒன்றைச் செருகுவது நடைமுறையான மாற்று.

திருகின் தலையும் மாறியது. ஒற்றைக் கோடு வெட்டிய தலையில் திருப்புளி வழுக்கினால் பலகையில் கீறல் விழும். அறுகோணக் குழி வைத்த தலைக்கு ஆலன் சாவி போதும், வழுக்காது. ஆனால் பழைய துப்பாக்கியில் இதைப் பார்த்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். அவருடைய கணக்கில் தலைக்கோடு மழுங்காத மூலத் திருகுகள் நான்கும் இருந்தால்தான் துப்பாக்கிக்கு முழு விலை. லண்டனின் உயர்வகைத் துப்பாக்கிப் பட்டறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாத் திருகுகளின் தலைக்கோடும் ஒரே திசையில் நிற்கும்படி இழைத்தன. ராணுவத் தொழிற்சாலைக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

அமெரிக்க ராணுவம் 1985இல் பெரெட்டாவுக்கு மாறியது. அதிலும் பலகைகளும் திருகுகளும் தொடர்ந்தன. அதற்கு முன்பே, 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் துப்பாக்கியில் பிடியும் உடலும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. கழற்றப் பலகையே இல்லை. கை சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு என்ற குறையை 1990களின் பிற்பகுதியில் வால்தர் பி99 சரிசெய்தது: பிடியின் பின்புறத் தகட்டை மூன்று அளவுகளில் மாற்றிக்கொள்ளலாம். 2017இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்த சிக் சாவர் துப்பாக்கியிலோ சட்டப்படி துப்பாக்கி எனப்படுவது உள்ளே இருக்கும் விசைத் தொகுதி மட்டுமே, எண் பொறித்திருப்பதும் அதில்தான். பிடி முழுவதும் உதிரிப்பாகம். வேறு அளவு வேண்டுமென்றால் விசைத் தொகுதியை எடுத்து இன்னொரு பிளாஸ்டிக் கூட்டில் பொருத்திக்கொள்ளலாம். அதற்குத் திருப்புளி தேவையில்லை.