ஒரு கம்பியின் கணக்கு

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்திலிருந்து போன் வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, வகுப்பில் கரும்பலகையில் பார்த்த ஓர் உருளைப் படம்தான். உருளையின் நடுவே ஒரு கம்பி. கம்பியிலிருந்து தூரம் கூடக் கூட மின்புலம் அதே விகிதத்தில் குறையும். மனப்பாடம் பண்ணினோம், பரீட்சையில் எழுதினோம், மறந்தோம்.

அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு நண்பர்களே. 1908-ல் மான்செஸ்டரில் ரூதர்போர்டும் கெய்கரும் ஆல்பா துகள்களை எண்ணியது அப்படிப்பட்ட உருளையை வைத்துத்தான். கணக்குப் போட்டுப் பாருங்களேன். கம்பியின் ஆரம் 10 மைக்ரான், உருளையின் ஆரம் 1 செ.மீ., மின்னழுத்தம் 1500 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உருளைச் சுவர் அருகே புலம் செ.மீ.க்குச் சுமார் 217 வோல்ட். கம்பியை ஒட்டினாற்போல் 2,17,000! அங்கே வந்து சேரும் ஒற்றை எலக்ட்ரான் வாயு மூலக்கூறுகளை மோதி மோதி ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள் சிக்னலாக மாறுவது இப்படித்தான்.

அப்படியானால் ஓர் அறைக்குள் நூறு கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டினால், துகள் போன தடமே தெரிந்துவிடுமே? ‘அதெல்லாம் ஆகாது, பக்கத்துக் கம்பிக்கும் சிக்னல் தாவிக் குழப்பிவிடும்’ என்பதே வெகுகாலம் நிலவிய எண்ணம். 1968-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஜார்ஜ் சார்பாக் அதைச் செய்தே காட்டிவிட்டார். கம்பியை விட்டு விலகிப் போகும் நேர் அயனிகள் அந்தக் கம்பியில் ஒரு குறியிலும், பக்கத்துக் கம்பிகளில் அதற்கு எதிர்க்குறியிலும் துடிப்பைத் தூண்டுகின்றன. ஆக, எந்தக் கம்பி என்று சுலபமாகப் பிரித்துவிடலாம். 1992-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கம்பிகள் கூடினால் கணக்கும் கூடும். ஒரு கம்பியின் மின்னூட்டம் மற்ற எல்லாக் கம்பிகளையும் பொறுத்தது. நூறு கம்பிக்கு நூறு ஒருங்கமை சமன்பாடுகள்! போதாததற்கு, ஒரே மின்னூட்டம் கொண்ட கம்பிகள் ஒன்றையொன்று தள்ளும். நீளமான அறையில் இழுவிசை போதாவிட்டால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விலகியே போய்விடும். இந்தக் கணக்குகளுக்காக 1984-ல் செர்னில் ராப் வீன்ஹோஃப் எழுதத் தொடங்கியது ‘கார்ஃபீல்ட்’ என்ற கணினி நிரல். கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் உருவான ‘நெபெம்’ நிரலும் பின்னாளில் அதோடு சேர்ந்துகொண்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இறுதியாண்டு ப்ராஜெக்டில் நாலு சென்சார் ஒயர்களை அடுத்தடுத்து இழுக்க நினைத்தோம். ‘சிக்னல் கலந்துடும்டா, வேணாம்’ என்றான் கூட்டாளி. நானும் சரியென்று விட்டுவிட்டேன். இதை எழுத உட்கார்ந்த அன்றுதான் அந்தக் கணக்கைப் போட்டேன். நாலு ஒயர், நாலு சமன்பாடு. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கலப்பு பொறுத்துக்கொள்ளும் அளவுதான்!

தம்பி தங்கைகளே, யாராவது ‘ஆகாது’ என்றால் சண்டைக்குப் போகாதீர்கள், சரியென்று தலையாட்டவும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். என் கூட்டாளியும் விழாவுக்கு வருகிறான். அந்தத் தாளைச் சட்டைப் பையில் கொண்டுவருகிறேன்.