கைமொழிக்கு ஒரு துபாஷி

'துபாஷி' என்ற சொல் நம் தாத்தாக்கள் காலத்தோடு வழக்கொழிந்து போயிற்று. இரண்டு பாஷை தெரிந்தவர் என்பதுதான் அதன் பொருள். புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை, 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பின் மூலம் நாம் அறிவோம். சென்னைக் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்ப முதலியாரும் துபாஷிதான். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்கும் வியாபாரிக்கும் அவன் பாஷை தெரியாது. நடுவில் நின்றவருக்கு வருமானமும் வந்தது, மரியாதையும் வந்தது, சில சமயம் பொல்லாப்பும் வந்தது.

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களிலும் துபாஷிகள் உண்டு. வந்த புதிதில் அம்மாவுக்கு ஹிந்தியோ மராத்தியோ வங்காளமோ தெரியாது. காய்கறிக்காரரிடமும் ரேஷன் கடையிலும் பேசியது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். சம்பளமில்லாத துபாஷிகள்! இதைப் படிக்கிற பலர் அந்த வேலையைப் பார்த்தவர்களாகத்தான் இருப்பீர்கள். இக்கட்டுரை மூன்றாவது வகைத் துபாஷியைப் பற்றியது. காது கேளாதவருக்கும் கேட்பவருக்கும் நடுவே நின்று, கைமொழியை வாய்மொழியாகவும் வாய்மொழியைக் கைமொழியாகவும் மாற்றுபவர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் நம் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேல். இவர்கள் எல்லோருமே கைமொழி பேசுகிறவர்கள் இல்லை. ஆனாலும் அப்படிப் பேசுகிறவர்களின் வரலாறு நம் சரித்திரப் புத்தகங்களில் ஒரு பக்கம்கூட இடம் பெறவில்லை.

தில்லியில் நான் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு தம்பதி இருந்தனர். இருவருக்குமே காது கேட்காது. மகளுக்குக் கேட்கும், வயது ஒன்பது. ஒருநாள் தகப்பனாரின் கழுத்தில் ஒரு கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், துணைக்கு என்னையும் அழைத்தார்கள். டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தே எல்லாம் சொன்னார். பெரிய ஆபரேஷன், உடனே செய்ய வேண்டும், செலவாகும், உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. குழந்தையின் கைகள் கொஞ்சம் அசைந்தன, நின்றன. தகப்பனார் தலையாட்டிவிட்டுச் சிரித்தார். படி இறங்கும்போது, "டாக்டர் சொன்னதை முழுசா சொன்னியா?" என்று கேட்டேன். "இல்லே அங்கிள். மருந்து சாப்பிட்டா சரியாயிடும்னு சொன்னேன். முழுசா சொன்னா அம்மா அழுவா" என்றாள். அன்று மாலை நான் ஒரு காகிதத்தில் எழுதிக்காட்டி விஷயத்தைப் புரியவைக்க முயன்றேன். என் ஹிந்தி எழுத்தும் அவர்கள் படித்த படிப்பும் சேர்ந்து பாதிதான் போய்ச் சேர்ந்தது.

சொன்னதைச் சொன்னபடி சொல்வது துபாஷிக்கு முதல் விதி. அதை ஒன்பது வயதுக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது நியாயமா? அந்தக் குழந்தையை அங்கே நிறுத்தியது யார் என்று தேடிப் போனால் ஒன்றரை நூற்றாண்டுக் கதை வருகிறது.

பழைய ஆங்கிலேயச் சட்டத்தில், பிறவியிலேயே காது கேளாமல் வாய் பேசாமல் இருப்பவர் புத்தியில்லாதவராகவே கருதப்பட்டார். சாட்சி சொல்லும் தகுதி அவருக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் 1872-இல் இந்தியாவுக்கு இயற்றப்பட்ட சாட்சியச் சட்டம் அதைத் தாண்டி வந்தது. பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம், அது திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும், அப்படி அளித்தது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்றது அதன் 119-ஆவது பிரிவு. கையால் சொன்னதும் வாயால் சொன்னதாகவே கணக்கு. நம் நாட்டில் காது கேளாதோர் பள்ளிகள் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே எழுதப்பட்ட வாசகம் இது என்பதை நினைத்தால் வியப்புதான். குறை ஒன்றே ஒன்று. கை சொன்னதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்வது யார் என்று அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை.

பிறகு பள்ளிகள் வந்தன. பம்பாயில் 1880-களின் நடுவில் கத்தோலிக்க பிஷப் லியோ மியூரின் முயற்சியால் ஒன்று, கல்கத்தாவில் 1893-இல் ஒன்று, 1890-களிலேயே நம் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கியது ஒன்று. ஆனால் இவை பிறந்த நேரம் சரியில்லை. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு மூலமே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்தின் நிழல் இங்கேயும் வெகுகாலம் விழுந்தது. உதட்டசைவைப் பார், தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார், வாயால் சொல் என்பதே பாடம். வகுப்பில் சைகை செய்த பிள்ளைகளைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்ததாகப் பழைய மாணவர்கள் பல நாடுகளிலும் சொல்லக் கேட்கலாம். மிலான் தீர்மானங்களைத் தவறு என்று அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் கனடாவின் வான்கூவரில் ஒத்துக்கொண்டது 2010-இல்தான். நூற்று முப்பது ஆண்டுகள்!

வகுப்பில் தடுத்ததை விடுதியில் தடுக்க முடியுமா? இரவில் வார்டன் போன பிறகு பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். டாக்கா, பரிசால், கல்கத்தா ஆகிய மூன்று ஊர்களின் விடுதிப் பள்ளிகளில் வழங்கிய சைகைகளை எச்.சி. பானர்ஜி என்பவர் 1928-லேயே ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். பல சைகைகள் மூன்று இடத்திலும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, பள்ளிகளோடு சேர்ந்தே இந்த மொழியும் வளர்ந்தது என்பது அவர் முடிவு. தடை செய்த இடமே தாய்வீடாகவும் ஆயிற்று.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு மௌனம். அதைக் கலைத்தவர் மதன் வசிஷ்டா. இமாசலப் பிரதேசத்துக் கிராமத்தில் பிறந்து, பதினோரு வயதில் காது கேட்கும் திறனை இழந்து, தில்லியில் புகைப்படத் தொழில் கற்று, பின்பு அமெரிக்காவின் கேலடெட் பல்கலைக்கழகம் வரை சென்றவர். அதே கேலடெட்டில் வில்லியம் ஸ்டோக்கீ என்ற பேராசிரியர் 1960-இல், சைகைமொழிக்கும் மற்ற மொழிகளைப் போலவே உறுப்புகளும் இலக்கணமும் உண்டு என்று நிறுவியிருந்தார். வசிஷ்டாவும் ஜேம்ஸ் உட்வர்டு, கர்க் வில்சன் ஆகியோரும் இந்தியப் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, அப்படியொரு மொழியே இங்கு கிடையாது என்பதுதான் பெரும்பாலும் வந்த பதில். சரி, நேரிலேயே பார்ப்போம் என்று 1977-இல் வந்து தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களில் சைகைகளைத் திரட்டினார்கள். நம் தமிழ்ச் சங்கங்கள் வேரூன்றிய அதே நான்கு நகரங்கள்! நான்கிலும் சொற்கள் பெருமளவு ஒத்துப்போயின, இது தனக்கென இலக்கணம் உள்ள இந்த மண்ணின் மொழி என்று தெரிந்தது. பின்னர் ஜெர்மானிய மொழியியலாளர் உல்ரிக்கே செஷான் போன்றோரின் ஆய்வுகளும் ஊருக்கு ஊர் சொல் மாறினாலும் இலக்கணம் ஒன்றுதான் என்று காட்டின.

ஹிந்தியைக் கையால் செய்தால் இந்த மொழி வந்துவிடும் என்று நினைத்தால் தவறு. 'உன் பெயர் என்ன' என்பதில் 'என்ன' கடைசியில்தான் வரும். கேள்வி என்பதைப் புருவமும் முகமும் சேர்ந்து சொல்லும். ஆண் என்றால் மீசையைத் தொடும் சைகை, பெண் என்றால் மூக்குத்தி இருக்கும் இடம். விரலால் ஆங்கில எழுத்துக்களைக் காட்டும் முறை பிரிட்டனிலிருந்து வந்தது, ஆனால் மொழி அங்கிருந்து வந்ததல்ல. ஒரு வேடிக்கை பாருங்கள். சென்னையிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்த காது கேளாத இளைஞர், சில சொற்களை மாற்றிக்கொண்டால் போதும், ஒரு மாதத்தில் அங்குள்ளவர்களோடு கலந்துவிடுவார். கூடவே வந்த காது கேட்கும் அண்ணன் ஹிந்தியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

மொழி இருந்தால் அதைச் சுற்றி ஒரு வாழ்க்கைமுறையும் இருக்கும். கூட்டத்தில் ஒருவரை அழைக்க விளக்கை அணைத்து ஏற்றுவார்கள், அல்லது மேசையைத் தட்டுவார்கள். கைதட்டுவதற்குப் பதில் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கன்னத்து மச்சம், சுருட்டை முடி என்று ஏதாவது ஒன்றை வைத்து ஒரு சைகைப் பெயர் கிடைக்கும், வெளியாள் தானாக வைத்துக்கொள்ள முடியாது. மும்பை மின்ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டிகள் காது கேளாதோரின் கூடமாகவே ஆகிவிட்டதை, தாமும் காது கேளாதவரான பெல்ஜிய மானிடவியலாளர் அனலீஸ் குஸ்டர்ஸ் 2009-இல் எழுதியிருக்கிறார். எந்த ரயிலில் யார் ஏறுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். செய்தியும் கல்யாணப் பேச்சும் வேலைத் தகவலும் அங்கேதான் கை மாறும். அதே ரயிலில் நாம் அடுத்த பெட்டியில் நசுங்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

பொதுமக்கள் கண்ணில் இந்த மொழி பட்டது சினிமாவாலும் தொலைக்காட்சியாலும். குல்சாரின் 'கோஷிஷ்' 1972-இல் வந்தது. அதுவே கமல்ஹாசனும் சுஜாதாவும் நடிக்க 1977-இல் 'உயர்ந்தவர்கள்' என்று தமிழில் வந்தது. 1996-இல் வந்த 'காமோஷி' படத்தில் காது கேளாத பெற்றோருக்கு மகளே துபாஷி. என் மாடி வீட்டுப் பெண்ணை அந்தப் படத்தில் மறுபடி பார்த்தேன். தூர்தர்ஷன் 1987-இல் வாரம் ஒருமுறை காது கேளாதோருக்கான செய்தியைத் தொடங்கியது. ஞாயிறு மதியம், இந்த வாரமாவது மாநில மொழிப் படம் தமிழாக இருக்குமா என்று நாம் காத்திருந்த நேரத்தில் வந்த செய்தி அது. எப்போது முடியும் என்று பொறுமையிழந்து உட்கார்ந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆனால் தொலைக்காட்சியில் ஒருவர் தெரிந்தால் போதுமா? அமெரிக்காவிலேயே சைகைமொழித் துபாஷிகளுக்கென்று ஒரு பதிவு அமைப்பு ஏற்பட்டது 1964-இல்தான். இங்கே மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 2001-இல் இந்தியச் சைகைமொழிக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பிறகே முறையான பயிற்சி பிறந்தது. தில்லியில் 2011-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அமைந்த சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. காது கேளாதோர் அமைப்புகள் விடாமல் போராடி, 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதலோடு அது தனி நிறுவனமாக மறுபிறவி எடுத்தது. 2018-இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டு, 2021-க்குள் அதை 10,000 ஆக்கியிருக்கிறது. அது வரை துபாஷி என்றால் வீட்டில் காது கேட்கும் யாரோ ஒருவர் என்பதே நடைமுறை.

அதன் விலை என்ன என்பதை 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ராஜஸ்தான் கொலை வழக்கு ஒன்று காட்டியது. கண்ணால் கண்ட சாட்சி, கொலையுண்டவரின் மனைவி. காது கேளாது, வாய் பேசாது. விசாரணை நீதிமன்றத்தில் அவர் சைகை செய்ய, அவருடைய தகப்பனாரே எடுத்துச் சொன்னார். அவருக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. வழக்கில் ஆரம்பம் முதல் ஈடுபட்டவரும் அவரே. அந்தப் பெண் என்ன சைகை செய்தார் என்பது பதிவாகவில்லை, தகப்பனார் சொன்ன அர்த்தம் மட்டுமே பதிவாயிற்று. உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் இது முக்கியமானது. துபாஷி அதே சுற்றுப்புறத்தைச் சேர்ந்தவராகவும், வழக்கில் அக்கறை இல்லாதவராகவும், பிரமாணம் எடுத்தவராகவும் இருக்க வேண்டும், சைகைகளும் பதிவாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

நீதிமன்றம் சொன்னது சரிதான். அதைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பள்ளிக்கே போகாத கிராமத்துப் பெண்கள் பலரின் சைகை, அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் வீட்டுச் சைகையாகவே இருக்கும். அதை அறிந்தவர் வீட்டாரே. வீட்டார் என்றால் வழக்கில் அக்கறை உள்ளவர். இந்த முடிச்சை அவிழ்க்க, சைகையிலேயே வளர்ந்த காது கேளாத துபாஷி ஒருவரும் காது கேட்கும் துபாஷி ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வாங்கி மற்றவர் சொல்லும் முறை வெளிநாடுகளில் உண்டு. அதற்கு இருவருக்கும் பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும், அழைத்தால் வர வழி வேண்டும். கண்ணால் கண்டதை ஒரு பெண் கையால் சொன்னார். 140 ஆண்டுச் சட்டம் அதைப் பேச்சு என்று ஏற்றிருந்தும், அது பேச்சாக எழுத்தில் ஏறவில்லை.

2013-இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டபோது 119-ஆம் பிரிவில் விட்டுப்போன வரி சேர்ந்தது. பேச்சால் தெரிவிக்க இயலாத சாட்சிக்கு நீதிமன்றம் ஒரு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற்றே தீர வேண்டும், அதை வீடியோவில் பதிய வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 125-ஆம் பிரிவு.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சந்திரசூட் முன் காணொளி வழியாக ஒரு வழக்கு நடந்தது. வாதாட வந்தவர் சாரா சன்னி, காது கேளாத வழக்கறிஞர். அவருக்காகப் பேசியவர் சைகைமொழித் துபாஷி சௌரவ் ராய்சௌத்ரி. அடுத்த மாதம் அதே வழக்கறிஞருக்கு நீதிமன்றமே ஒரு துபாஷியை நியமித்தது. திரையில் ஒரு கட்டத்தில் நீதிபதி, இன்னொரு கட்டத்தில் துபாஷியின் கைகள். மாடி வீட்டுப் பெண் இப்போது முப்பதைத் தாண்டியிருப்பாள். அவளும் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.