வீழ்ந்த வானதூதர்களின் கலகம்: அதன் நியாயம் பற்றிய வாதத்தின் வரலாறு

கடவுளுக்குப் பணிசெய்யப் படைக்கப்பட்ட வானவர்களில் ஒரு கூட்டம் அவர் ஆணையை மீறித் தம் இடத்தை இழந்தது என்று யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகளில் வழங்கும் கதையே வீழ்ந்த வானதூதர்களின் கலகம். பழைய கத்தோலிக்கத் தமிழில் இவர்கள் சம்மனசுகள்; தமிழ் முஸ்லிம்களுக்கு மலக்குகள். மீறியவர்களின் தலைவனுக்கு லூசிபர், சாத்தான், அசாசேல், இப்லீஸ் என்று மரபுக்கொரு பெயர். தீர்ப்பில் மட்டும் வேறுபாடு இல்லை. மீறியது குற்றம் என்றே எல்லா மரபுகளும் முடித்தன. ஆனாலும் குற்றவாளியின் தரப்பில் சொல்ல ஏதாவது உண்டா என்ற கேள்வி பாக்தாதிலும் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் லாகூரிலும் மறுபடி மறுபடி எழுந்தது. இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு. பேய்களின் வகைகளுக்கும் பேயோட்டுதலுக்கும் இங்கே இடமில்லை.

ஆணைக்கு முந்திய கதைகள்

எபிரேய வேதாகமத்தில் இந்தக் கதை முழுதாக எங்கும் சொல்லப்படவில்லை. யோபு நூலின் சாத்தான் கடவுளின் அவைக்கு வந்து போகிறவன். மனிதர்மேல் குற்றஞ்சாட்டுவது அவன் வேலை. அதையும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் செய்கிறான். வானத்திலிருந்து விழும் விடிவெள்ளி ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் வருகிறது, ஆனால் அங்கே ஏளனம் செய்யப்படுபவன் பாபிலோன் அரசன். எசேக்கியேல் 28இல் திட்டு வாங்குபவன் தீர் நகரத்து அரசன். இவ்வரசர்களுக்குப் பின்னால் ஒரு வானதூதனின் வீழ்ச்சியைக் கண்டு கதையாகக் கோத்தவர்கள் பிற்காலக் கிறித்தவ அறிஞர்கள். 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியாவின் ஓரிஜன் அவர்களில் முக்கியமானவர். செருக்குற்ற அரசர்களைப் பற்றிய வசைப்பாட்டிலிருந்து பிறந்ததாலோ என்னவோ, அரசியல் வாடை இந்தக் கதையை விட்டு என்றைக்குமே நீங்கவில்லை.

கூட்டமாக வீழ்ந்தவர்களின் முதல் விரிவான கதை ஏனோக்கு நூலில் இருக்கிறது. அதன் பழைய பகுதி கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கு உரியது. கும்ரான் குகைகளில் அதன் அரமேயத் துண்டுகள் கிடைத்துள்ளன; முழு நூலையும் காப்பாற்றியது எத்தியோப்பியத் திருச்சபை. மனிதப் பெண்களின் மேல் ஆசைகொண்ட 200 காவல் தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். பழி தன்மேல் மட்டும் விழுந்துவிடுமோ என்று பயந்த தலைவன் செமியாசா எல்லாரையும் சபதம் செய்ய வைக்கிறான். அசாசேல் மனிதருக்கு வாள் வடிக்கவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். பிடிபட்டபின் அவர்கள் ஏனோக்கிடம் போய்த் தங்களுக்காக ஒரு மனு எழுதித் தரும்படி கெஞ்சுகிறார்கள். மனு தள்ளுபடியாகிறது. கவனிக்க வேண்டியது, அந்த மனுவில் அவர்கள் கேட்டது மன்னிப்பு மட்டுமே. எங்கள் செயல் சரி என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஆசையால் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கலாம். நியாயம் கேட்க, முதலில் தமக்கு ஓர் அநீதி நடந்திருக்க வேண்டும்.

அந்த அநீதியைக் கதைக்குள் கொண்டுவந்தது ‘ஆதாம் ஏவாள் வாழ்க்கை’ என்ற பழைய நூல். லத்தீன் உட்படப் பல மொழிகளில் இது பரவியது. புதிதாகப் படைத்த ஆதாமைக் கடவுளின் சாயலென்று வணங்கும்படி மிக்கேல் எல்லாத் தூதர்களையும் அழைக்கிறார். தான் மூத்தவன், ஆதாம் பின்னால் வந்தவன், வணங்க வேண்டியவன் அவனே என்று சொல்லிச் சாத்தான் மறுக்கிறான். இதை ஆதாமிடம் சொல்பவனும் சாத்தானேதான். என்மேல் உனக்கு ஏன் இவ்வளவு பகை என்று ஆதாம் கேட்க, அவன் கொடுக்கும் விளக்கம் இது. நியாயம் பற்றிய வாதம் உண்மையில் தொடங்குவது இங்கேதான். புதிதாக வந்த ஒருவனுக்குக் கீழே நில் என்று ஓர் ஆணை, அதற்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு காரணம் என்று மூன்றும் இப்போது கதையில் வந்துவிட்டன.

இறையியலாளர்கள்

கிறித்தவ இறையியல் இந்தக் காரணத்தை ஏற்காமல் ஒதுக்கியது. இறையியலாளர்களைத் தொந்தரவு செய்தது வேறொரு சிக்கல்: குறையின்றிப் படைக்கப்பட்டு, நோயும் வறுமையும் அறியாமையும் இல்லாமல் இருந்த ஓர் உயிர் ஏன் தவறியது? அதன் இயல்பிலேயே கோணல் இருந்திருந்தால் படைத்தவர் பொறுப்பாகிவிடுகிறார். 413க்கும் 426க்கும் இடையில் எழுதிய ‘கடவுளின் நகரம்’ நூலில், கெட்ட விருப்பத்துக்குக் காரணம் தேடுவதே வீண் என்றார் அகஸ்டின். அது ஒரு குறைபாடு, குறைபாட்டை ஆக்கிய பொருள் என்று ஒன்று கிடையாது. அறிவுக்கூர்மையான பதில்தான். ஆனால் வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, நோக்கமே காட்ட முடியாத குற்றத்துக்கு முடிவற்ற தண்டனையா என்று கேட்டால் அதில் மறுமொழி இல்லை.

அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டவன் ஆன்செல்மின் மாணவன். 1080களில் பெக் மடத்தில் துறவி ஆன்செல்ம் எழுதிய ‘அலகையின் வீழ்ச்சி’ ஓர் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் நடக்கும் உரையாடல். நிலைத்து நிற்கும் உறுதியை நல்ல தூதருக்குக் கொடுத்த கடவுள் லூசிபருக்கு அதைக் கொடுக்கவில்லை என்றால், வாங்காதவன்மேல் என்ன குற்றம் என்று மாணவன் மடக்குகிறான். கடவுள் கொடுக்காததால் அவன் பெறாமல் போகவில்லை, அவன் ஏற்காததால்தான் கொடுக்கப்படவில்லை என்பது ஆசிரியரின் மறுமொழி. நன்மையை நாடும் விருப்பம், நேர்மையை நாடும் விருப்பம் என இரண்டை வானதூதர் பெற்றிருந்ததாகவும், லூசிபர் முதலாவதை இரண்டாவதற்கு மேலே வைத்ததாகவும் ஆன்செல்ம் விளக்குகிறார். கிறித்தவ இறையியல் தந்த விளக்கங்களில் மிக நேர்மையானது இதுவே என்று சொல்லலாம், ஏனென்றால் எதிர்த்தரப்பின் கேள்வியை மழுப்பாமல் முழுவதும் பேசவிடுகிறது.

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், அலகைகள் நல்லவையாகப் படைக்கப்பட்டுத் தாமாகவே கெட்டன என்று விதித்தது. தாமஸ் அக்குவினாஸ் கொஞ்சம் நுணுக்கமாகப் போனார். கடவுளுக்குச் சமமாவது நடக்காத காரியம் என்று லூசிபருக்குத் தெரிந்திருக்கும், ஆகவே அவன் விரும்பியது அதுவல்ல. பேரின்பத்தைக் கொடையாகப் பெறாமல் தன் ஆற்றலாலேயே அடைய விரும்பினான் என்றார். கொடையை மறுத்துச் சொந்த உழைப்பில் நிற்பது குற்றமென்பது இன்றைய வாசகருக்கு விசித்திரமாகப் படலாம். ஸ்பானிய இறையியலாளர் பிரான்சிஸ்கோ சுவாரெஸ் மறுபடி ஆணையின் பக்கம் திரும்பினார்: மனித இயல்போடு கடவுள் ஒன்றாகப் போகிறார் என்று அறிந்து, அந்தப் பெருமை தனக்கு வேண்டும் என்று லூசிபர் பொறாமைப்பட்டான் என்பது அவர் கருத்து.

அரங்கும் நாடாளுமன்றமும்

சுவாரெஸின் இந்தக் கருத்து ஆம்ஸ்டர்டாமில் மேடையேறியது. கத்தோலிக்கராக மாறியிருந்த கவிஞர் யோஸ்ட் வான் டென் வொண்டலின் ‘லூசிபர்’ 1654 பிப்ரவரியில் அரங்கேறி, சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்களின் எதிர்ப்பால் இரண்டே காட்சிகளோடு தடை செய்யப்பட்டது. அதில் மனிதருக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஆணையைக் கேட்டதும் வானதூதர்கள் பழைய உரிமை பறிபோகிறதே என்று முணுமுணுக்கிறார்கள், கூட்டம் சேர்கிறார்கள். லூசிபர் முதலில் தயங்குகிறான். (சொர்க்கம் காட்டச் செலவழித்துச் செய்த அரங்கப் பொருள்கள் வீணாகக் கூடாதென்று வொண்டல் பிறகு ‘சால்மோனேயுஸ்’ என்று இன்னொரு நாடகமே எழுதிக்கொடுத்தார்.)

ஜான் மில்டன் இந்தக் கதைக்கு வரும்போது ஒரு கலகத்தை நியாயப்படுத்தி முடித்திருந்தார். 1649 ஜனவரி 30இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. கொடுங்கோலனைத் தண்டிக்க மக்களுக்கு உரிமை உண்டு என்று அடுத்த மாதமே நூல் எழுதி வெளியிட்டார் மில்டன். புதிய குடியரசில் அயல்மொழிச் செயலாளராகவும் அமர்ந்தார். 1660இல் முடியாட்சி திரும்பியது. பார்வையும் பதவியும் இழந்து சிறையும் கண்டவர் 1667இல் வெளியிட்ட காவியம்தான் ‘பாரடைஸ் லாஸ்ட்’. வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் ‘சுவர்க்க நீக்கம்’ என்று இதைத் தமிழ்ச் செய்யுளில் தர முனைந்தார்.

காவியத்தின் ஐந்தாம் காண்டத்தில் கடவுள் தம் மகனை எல்லாருக்கும் தலைவராக அறிவிக்கிறார். சாத்தான் தன் படையை வடக்கே கூட்டி, நேற்றுவரை சமமாக இருந்தவர்களை இன்று மண்டியிடச் சொல்ல யாருக்கு உரிமை என்று கேட்கிறான். 1649இல் மில்டனே எழுதியிருக்கக்கூடிய பேச்சு. எழுந்து மறுப்பவன் அப்தியேல் ஒருவன்தான்: அரசன் நம்மில் ஒருவன், படைத்தவர் அப்படியல்லர். சாத்தானால் இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. நாம் படைக்கப்பட்டதை யார் பார்த்தது, நாமே நம்மை உண்டாக்கிக்கொண்டோம் என்று தாவுகிறான். நான்காம் காண்டத்தில், கேட்க யாரும் இல்லாத இடத்தில், கடவுள் தனக்கு நன்மையே செய்தார் என்றும் நன்றி செலுத்துவது அப்படியொன்றும் பாரமில்லை என்றும் தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறான். சாத்தானுக்காக வாதாட வந்த பலரும் முதல் இரண்டு காண்டங்களின் முழக்கத்தோடு நின்றுகொள்கிறார்கள். இந்தத் தனிமொழியைத் தாண்டாமல் வழக்கு நிற்காது.

நின்றுகொண்டவர்களில் பெரியவர்கள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வில்லியம் பிளேக், மில்டன் தம்மையறியாமல் அலகையின் கட்சிக்காரர் என்றார். 1793இல் வில்லியம் காட்வின் தம் ‘அரசியல் நீதி’ நூலில், படிநிலையில் அத்தனை பெரிய ஏற்றத்தாழ்வுக்குப் போதிய காரணம் தெரியாததாலேயே சாத்தான் எதிர்த்தான் என்று எழுதினார். காரணம் சொல்லாத அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ஷெல்லியும் மில்டனின் கடவுளைவிடச் சாத்தானே ஒழுக்கத்தில் மேல் என்று கருதினார். 1821இல், லூசிபரும் ஒரு பாத்திரமாக வரும் பைரனின் ‘காயீன்’ நாடகம் வெளிவந்தது. அதைத் திருட்டுப் பதிப்பிட்டவரைத் தடுக்கக் கோரிப் பதிப்பாளர் நீதிமன்றம் போனபோது, அது தெய்வ நிந்தனை நூலாக இருக்கலாம் என்ற ஐயத்தால் நீதிபதி எல்டன் பிரபு தடையாணை தர மறுத்தார். விளைவு, மலிவுப் பதிப்புகள் பெருகின. ரஷ்ய அராஜகவாதி பக்கூனின் 1871இல் எழுதி, அவர் இறந்தபின் 1882இல் வெளியான ‘கடவுளும் அரசும்’ சாத்தானை மனிதனுக்கு விடுதலை கற்பித்த முதல் கலகக்காரனாக்கியது.

எல்லாரையும்விட ஆழமாகப் பார்த்தவர் பிரெஞ்சு நாவலாசிரியர் அனத்தோல் பிரான்ஸ். 1914இல் வந்த ‘வானதூதர்களின் கலகம்’ நாவலில், பாரிஸில் ஒரு காவல் தூதன் நூலகத்துப் புத்தகங்களைப் படித்து நம்பிக்கை இழந்து புதுப் புரட்சிக்கு ஆள் சேர்க்கிறான். தலைமை ஏற்கக் கேட்டபோது, தான் வென்று அரியணையில் அமர்ந்து பழைய கடவுளைப் போலவே கல்மனம் கொண்டவனாக மாறுவதைச் சாத்தான் கனவில் காண்கிறான். விழித்தெழுந்து மறுத்துவிடுகிறான். காட்வினும் பக்கூனினும் கலகக்காரன் வென்றபின் என்ன ஆவான் என்று கேட்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வாதம் பல்கலைக்கழகத்துக்குள் போனது. சாத்தானை வியப்பது துன்பமும் பொய்யும் நிறைந்த உலகுக்கு வாக்களிப்பதாகும் என்று சி. எஸ். லூயிஸ் 1942இல் எழுதினார். வில்லியம் எம்ப்சன் 1961இல் ‘மில்டனின் கடவுள்’ நூலில் எதிர்வாதம் வைத்தார்: கடவுளின் தகுதிச் சான்றை உண்மையாகவே சந்தேகித்தவன் சாத்தான், சந்தேகம் வலுக்கும்படி நடந்துகொண்டவர் கடவுள். 1967இல் ஸ்டான்லி பிஷ், வாசகரைச் சாத்தானிடம் மயங்கவிட்டுப் பிறகு திருத்துவதே மில்டனின் உத்தி என்று இரு தரப்பையும் சமாளித்தார்.

இப்லீஸின் வழக்கு

இந்த விடுதலை வாதங்களைவிட வலிமையான வாதம், அவற்றுக்குப் பல நூற்றாண்டு முன்பே, இஸ்லாமிய ஞானியரான சூபிகளிடம் பிறந்தது. குர்ஆன் ஏழு சூராக்களில் இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது. ஆதமுக்கு ஸுஜூது (சிரம் பணிதல்) செய்யும்படி இறைவன் ஆணையிட, இப்லீஸ் மறுக்கிறான். தான் நெருப்பால் படைக்கப்பட்டவன், ஆதம் களிமண்ணால் படைக்கப்பட்டவன் என்கிறான். 18ஆம் சூரா அவனை ஜின் இனத்தவன் என்பதால், அவன் மலக்கா ஜின்னா என்பதிலேயே உரையாசிரியர்கள் பிரிந்தார்கள். தெளிவான கட்டளை இருக்கும்போது தன் ஒப்பீட்டை அதற்குமேல் வைத்தான் என்பதே அவன்மீது சொல்லப்படும் பொதுவான குற்றச்சாட்டு.

922இல் பாக்தாதில் கொல்லப்பட்ட சூபி ஹல்லாஜ் தம் ‘தவாஸீன்’ நூலில் வழக்கைத் தலைகீழாக்கினார். இறைவனைத் தவிர வேறெவருக்கும் தலை தாழ்த்தக் கூடாது என்பதுதானே முதல் நெறி? அதை எல்லாரும் மறந்தபோது மறக்காதவன் இப்லீஸ். அந்த ஆணை ஒரு சோதனை. சாபத்தையும் காதலனாக ஏற்றுக்கொண்டான். இங்கே குற்றவாளி சட்டத்தை எதிர்க்கவில்லை, சட்டம் கொடுத்தவரின் முதற்சட்டத்தையே காட்டி நிற்கிறான். அப்தியேலின் பதில் இவனிடம் செல்லாது. படைத்தவரின் உரிமையை இவன் எல்லாரையும்விட அழுத்தமாகச் சொல்கிறான். அஹ்மத் கஸ்ஸாலியும், 1131இல் ஹமதானில் கொல்லப்பட்ட ஐனுல் குஸாத்தும் இந்த வழியில் சென்றார்கள். ரூமி மட்டும் சந்தேகப்பட்டார். மஸ்னவியின் இரண்டாம் புத்தகத்தில் இப்லீஸ் கலீபா முஆவியாவைத் தொழுகைக்கு எழுப்பித் தன் பழைய காதலை உருக்கமாகப் பேசுகிறான். துருவிக் கேட்டபிறகு உண்மை வருகிறது: தொழுகை தவறிய ஏக்கத்தில் முஆவியா விடும் பெருமூச்சு தொழுகையைவிட மதிப்புப் பெற்றுவிடும் என்ற பயத்தால் எழுப்பியிருக்கிறான்.

இது ஏட்டோடு நின்ற விவாதமும் அல்ல. வட இராக்கின் யசீதிகள் போற்றும் மயில் தூதரான தாவூசி மெலக்கை அயலார் இப்லீஸோடு ஒன்றாக்கினார்கள். தூதர் ஆதமை வணங்க மறுத்தது இறைவன் வைத்த தேர்வில் வென்றதாகும் என்று யசீதிகள் சிலர் விளக்கினாலும், ‘சாத்தானை வணங்குகிறவர்கள்’ என்ற பழி பல படையெடுப்புகளுக்குச் சாக்கானது. 2014 ஆகஸ்டில் சிஞ்சாரில் ஐ.எஸ். அமைப்பு நடத்திய கொலைகளுக்கும் பெண்களை அடிமைகளாக்கியதற்கும் இதே பழி சொல்லப்பட்டது, ஐ.நா. விசாரணைக் குழு 2016இல் அதை இனப்படுகொலை என்றது.

லாகூரில் வாழ்ந்த கவிஞர் முகமது இக்பால் 1932இல் வெளியிட்ட ‘ஜாவீத் நாமா’வில் வியாழ மண்டலத்தில் ஹல்லாஜையும் இப்லீஸையும் அடுத்தடுத்துச் சந்திக்கிறார். அங்கே இப்லீஸுக்கு இறைவனிடம் இருக்கும் மனக்குறை வேறு: மனிதர்கள் கேட்டவுடன் பணிந்துவிடுகிறார்கள், தன்னை எதிர்த்து நிற்க ஓர் ஆளாவது வேண்டும். நான்கு ஆண்டு கழித்து எழுதிய ‘இப்லீஸின் ஆலோசனைச் சபை’யில் அவன் அமைச்சர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, தான் நிறுவிய உலக ஒழுங்கைப் புரட்சிகளிடமிருந்து காப்பது எப்படி என்று ஆராய்கிறான்.