கால் மைலும் பின் ஆக்சிலும்

அமெரிக்காவின் டிராக் பந்தயத்தில் இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து கிளம்பி, கால் மைல் நேர்ச்சாலையை, அதாவது 402 மீட்டரை, முதலில் கடக்கப் போட்டியிடுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளிலும் விமான ஓடுபாதைகளிலும் இந்தப் பழக்கம் பரவியது. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் தேசியப் போட்டி 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் நடந்தது. இன்ஜினின் சக்தியைக் கூட்டும் வழிகளைப் பந்தயக்காரர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். அந்தச் சக்தி டயரை வெறுமனே சுழல விடாமல் காரை முன்னே தள்ளும்படி செய்வதுதான் நீண்டகாலச் சிக்கலாக இருந்தது.

அன்றைய அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்பு. இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் கனமான ஆக்சில் ஹவுசிங், அதன் நடுவில் டிஃபரன்ஷியல், இருபுறமும் நீளவாட்டில் லீஃப் ஸ்பிரிங். காரின் எடையைத் தாங்குவது, ஆக்சிலை இடம் பிசகாமல் பிடிப்பது, அதன் முறுக்கைத் தாங்குவது ஆகிய மூன்று வேலைகளையும் ஸ்பிரிங்கே செய்யும். செலவு குறைவு, பழுது குறைவு. ஆனால் சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலும்போது ஹவுசிங் எதிர்ப்புறமாகத் திரும்பப் பார்க்கும். பினியன் பல்சக்கரம் இருக்கும் மூக்குப் பகுதி மேலே எழும்பும். லீஃப் ஸ்பிரிங் ‘எஸ்’ வடிவில் வளையும், பிறகு விடுபட்டுத் திரும்பும், மீண்டும் வளையும். இதனால் டயர் தரையில் தத்தித் தத்திக் குதிக்கும். இதோடு, இன்ஜினின் சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முறுக்கு இடது பின் டயரை அழுத்தி வலது டயரைத் தளர்த்துவதால், சாதாரண டிஃபரன்ஷியல் கொண்ட கார்களில் வலது சக்கரம் மட்டும் சுற்றிப் புகை கிளப்பும்.

முதல் மருந்து டிராக்‌ஷன் பார். ஆக்சிலுக்கு அடியில் பொருத்தி முன்னோக்கி நீட்டிய இரும்புக் கம்பியின் நுனியில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். ஹவுசிங் திரும்பத் தொடங்கியதும் அந்த ரப்பர் மேலெழுந்து ஸ்பிரிங்கின் முன் கண்ணில் அறையும். ஸ்பிரிங் வளைவது அங்கேயே நிற்கும். 1965இல் வந்த ஷெல்பி ஜிடி350 மஸ்டாங்கில், ரப்பர் அறைவதற்குப் பதிலாக இரு முனையும் பூட்டிய கம்பிகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. 1967இல் ஒற்றைத் தகட்டு ஸ்பிரிங்குடன் அறிமுகமான செவ்ரலே கமாரோ இந்தக் குதிப்பால் அவதிப்பட்டது. அடுத்த ஆண்டே ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து அதை அடக்கினார்கள்.

கிரைஸ்லர் பொறியாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். அவர்களில் பலர் ‘ராம்சார்ஜர்ஸ்’ என்ற குழுவாகச் சேர்ந்து தாங்களே பந்தயம் ஓடியவர்கள். அந்நிறுவனத்தின் சூப்பர் ஸ்டாக் லீஃப் ஸ்பிரிங்கில் ஆக்சிலுக்கு முன்னுள்ள பகுதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும், பின்பகுதி இளகியிருக்கும். விறைத்த முன்பகுதி நெம்புகோலாகி காரின் உடலை மேலே தள்ளும், அதன் எதிர்விளைவாக டயர் தரையில் அழுந்தும். வலது ஸ்பிரிங்குக்கு இடதைவிடக் கூடுதல் வளைவு கொடுத்து, தளரும் வலது டயரையும் சமன் செய்தார்கள். காரைக் கெடுக்கும் முறுக்கையே காருக்கு உதவியாகத் திருப்பிவிட்ட இந்த எண்ணமே பின்வந்த பல பந்தய வடிவமைப்புகளுக்கும் அடிப்படை.

1964இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவெல், போன்டியாக் ஜிடிஓ முதலிய கார்களில் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங் இருந்தது. ஆக்சிலைப் பிடிக்கும் வேலை, அதைச் சட்டத்தோடு இணைக்கும் நான்கு கைகளுக்குப் போனது. சாய்வாக வைத்த மேல்கைகள் இரண்டும் ஆக்சில் பக்கவாட்டில் நகராமலும் தடுத்தன. 1979 மஸ்டாங்கும் இதே வழியில் வந்தது. சாலைக்கு நல்ல அமைப்பு. ஆனால் முறுக்கு மிகும்போது கைகளின் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்கள் நசுங்கி ஆக்சில் மீண்டும் குதித்தது. எண்பதுகளின் நடுவில் ஃபோர்டு அதில் கிடைமட்டமாக இரண்டு ஷாக் அப்சார்பர்களைக் கூடுதலாகச் சேர்த்தது.

பந்தயத்துக்கென்றே தனியாக வளர்ந்தவை ஏணிக்கம்பியும் இணை நான்கு கை அமைப்பும். முக்கோண வடிவ ஏணிக்கம்பியின் அகன்ற முனை ஆக்சிலில் இரண்டு இடங்களில் பூட்டப்படும், கூர்முனை காரின் சட்டத்தில் ஓரிடத்தில். காரை மேலே தூக்கும் விசை அந்த முன்முனை வழியாகவே போகும். அமைப்பது எளிது, குதிப்பு அறவே இல்லை. ஆனால் வளைவுகளில் கார் சாயும்போது இறுகிக்கொள்ளும், ஆகவே சாலைக்கு உதவாது. நான்கு கை அமைப்பில் மேல்கை, கீழ்கை இரண்டின் கோடுகளையும் முன்னோக்கி நீட்டினால் ஒரு கற்பனைப் புள்ளியில் சந்திக்கும். ஏணிக்கம்பியின் முன்முனை செய்யும் வேலையை அந்தப் புள்ளி செய்கிறது. தகடுகளில் வரிசையாகத் துளைகள் இருப்பதால், ஒரு போல்ட்டை ஒரு துளை மாற்றினாலே புள்ளி நகரும். அது ஆக்சிலுக்கு அருகிலும் உயரத்திலும் இருந்தால் டயர் சட்டென்று பலமாக அழுந்தும். தூரத்திலும் தாழ்விலும் இருந்தால் மெதுவாக அழுந்தும். ஓடுபாதையின் பிடிப்பைப் பார்த்து மெக்கானிக் துளையைத் தேர்ந்தெடுப்பார். 1970இல் தொடங்கிய ‘புரோ ஸ்டாக்’ என்ற பந்தயப் பிரிவில் இந்த அமைப்பே பின்னர் வழக்கமானது. மிக வேகமான பிரிவான டாப் ஃபியூயலின் கார்களிலோ பின் சஸ்பென்ஷனே இல்லை. ஆக்சில் நேராகச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும், சட்டத்தின் நெளிவும் சுருங்கி விரியும் டயரும் சஸ்பென்ஷனின் வேலையைச் செய்யும்.

இரு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு 1963 கார்வெட்டில் வந்தது. மேடுபள்ளத்திலும் வளைவிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் கார் சட்டென்று கிளம்பிப் பின்புறம் தாழும்போது சக்கரங்கள் சாய்ந்து டயரின் ஒரு ஓரம் மட்டுமே தரையைப் பிடித்தது. அதிர்ச்சியில் அச்சுகளும் முறிந்தன. 1999இல் மஸ்டாங் கோப்ராவுக்கு இது கிடைத்தபோது, டிராக் ஓடிய பலர் அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஆக்சிலையே மாட்டினார்கள். இன்று தனிச்சக்கர அமைப்பும் வெகுவாகத் தேறியிருக்கிறது: 2018 டாட்ஜ் டீமன் அதைக் கொண்டே கால் மைலை 9.65 வினாடியில் கடந்தது.

ஆயினும் சாலையும் பந்தயமும் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2015இல் எல்லா மஸ்டாங்குகளும் தனிச்சக்கர அமைப்புக்கு மாறின. அதற்கு அடுத்த ஆண்டு ஃபோர்டு டிராக் பந்தயத்துக்கென்றே விற்ற கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் இருந்தது, ஒற்றை ஆக்சிலும் நான்கு கைகளும்தான்.