துணைப்பாடமாகிய வரலாறும் துலாக்கூலியும்

இவ்வாண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபொழுது யாம் சற்றுத் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டிச் சரக்கு அலுவலகத்தில் பேரேடுகளுக்கிடையே காலந்தள்ளும் குமாஸ்தாவுக்கு வரலாறு எழுதும் தகுதி ஏது? ஆயினும் எம் இல்லத்தில் அண்மையில் எழுந்த ஒரு வழக்கு எம்மை எழுதத் தூண்டிற்று.

கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் 2024 ஆம் ஆண்டு முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளமையை அன்பர்கள் அறிவீர்கள். முதன்மைப் பாடத்தை மேஜர் என்றும், துணையாகக் கொள்வதை மைனர் என்றும் வழங்குகின்றனர். எம் மகள் வணிகவியலை மேஜராகக் கொண்டாள். அதுவரை வீட்டில் அமைதி. மைனராக வரலாறு வேண்டுமென்று அவள் கூறியவுடனே அமைதி போயிற்று. கணிப்பொறியைச் சேர்த்துப் படித்தால் வேலைக்கு உதவுமே என்றாள் அவள் தாய். காலனியின் பெரியவர் ஒருவர், "இராசாக்கள் கதை தெரிந்து சம்பளமா கூடப்போகிறது?" என்றார். யாமும் முதலில் அவர் பக்கமே நின்றோம். கடன் வாங்கிப் படிக்க வைப்பவன் பயனைக் கணக்கிடாமல் இருத்தல் இயலுமா?

மகள் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, ஜூ டவுன் வரை போய் வருவோம்" என்றாள், அவ்வளவே.

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நாம் யூதர் கோயிலை எத்தனை முறை கடந்து சென்றிருப்போம்! 1568 இல் எழுந்த பரதேசி சினகாக் அது. போர்த்துகீசியர் 1662 இல் அதற்குச் சேதம் விளைவித்தனர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னர்ச் சீர்செய்யப்பட்டது. மணிக்கூண்டு 1760 இல் வந்தது. அருகிலுள்ள அரண்மனையை நாம் டச்சு அரண்மனை என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அதனை 1555 ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர் போர்த்துகீசியர். டச்சுக்காரர் பின்னர்ப் பழுது பார்த்தவரே. கட்டியவனை விட்டுப் பூச்சு வேலை செய்தவன் பெயரைக் கட்டடத்துக்கு இட்டுவிட்டோம்.

ஆயினும் எம்மை ஈர்த்தது கட்டடமன்று. மகள் விவரித்த செப்பேடே. சேரப் பெருமாள் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் வீற்றிருந்து ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய சாசனம் அது. அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அவனுக்கு அளிக்கப்பெற்றன. எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். மொழியோ, நம் காதுக்குப் பழகிய மொழி! குடை, தோரணம், பகல்விளக்கு, பாவாடை, வடுகப்பறை என்று மகள் சொல்லிக்கொண்டே வந்தபொழுது, யாம் அகராதி தேடவில்லை. (பாவாடை என்பது ஈண்டு நடக்கும் வழியில் விரிக்கும் துணி, ஐயம் வேண்டா.) தமிழறிஞர் இதனைத் தமிழென்பர், மலையாள அறிஞர் பழைய மலையாளம் என்பர். இரு மொழியும் பிரிந்து ஓடத் தொடங்கிய துறையில் எழுதப்பட்ட ஏடு எனக் கொண்டால் இருவர்க்கும் மனக்குறை இல்லை.

அவ்வேட்டிலே மன்னன் விட்டுக்கொடுத்தவற்றுள் உல்கும் துலாக்கூலியும் உள்ளன. உல்கு என்பது சுங்கம். துலாக்கூலி என்பது சரக்கை நிறுப்பதற்குப் பெறும் கட்டணம். இதனைக் கேட்டதும் யாம் வீதியிலே நின்றுவிட்டோம். இருபதாண்டுகளுக்கு மேலாக எமக்குச் சோறு போடுவது சரக்கை நிறுத்தலும் கட்டணம் எழுதுதலும் அன்றோ! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இக்கடற்கரையில் ஒருவன் துலாக்கோல் பிடித்திருக்கின்றான். மற்றொருவன் கணக்கு எழுதியிருக்கின்றான். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதனை, எவர் சாட்சியாக என்று நம் சரக்குச் சீட்டுப் போலவே சாசனம் ஒழுங்காகச் செல்கிறது. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலியவற்றின் தலைவர் சாட்சிகள். இறுதியில் எழுதியவனுடைய பெயரும் உண்டு. எம் வகுப்பைச் சேர்ந்த அந்த எழுத்தனை யாம் மனத்தால் வணங்கினோம். உரிமை இறங்கும் வரிசையில் ஆண்மக்களோடு பெண்மக்களும் சொல்லப்பட்டிருப்பதை எம் மகள் இருமுறை எடுத்துரைத்தாள். காரணம் எமக்கு விளங்காமல் இல்லை.

இச்சாசனம் கி.பி. நான்காம் நூற்றாண்டினது என்பது யூதரிடையே நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. எழுத்தின் வடிவத்தையும் அரசனின் ஆட்சியாண்டையும் ஆய்ந்த அறிஞர் ஏறத்தாழக் கி.பி. 1000 என்று வரையறுத்தனர். அறுநூறு ஆண்டு குறைந்தது. ஏட்டின் பெருமை குறைந்ததா? இல்லை. நம் குடும்பங்களிலும் "எங்கள் பாட்டனார் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்" என்போர் பலர். சாட்சி கேட்டால் சினம் வருகிறது. கேட்கத்தான் வேண்டும் போலும்.

துணைப்பாடம் என்றால் இளப்பமோ என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். நம் விழாவின் தொடக்கத்தில் யாவரும் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றிய சுந்தரம் பிள்ளை, 1855 இல் ஆலப்புழையில் பிறந்தவர். நம்மைப் போன்றே மலையாள நாட்டுத் தமிழர். திருவனந்தபுரம் கல்லூரியில் அவர் நடத்தியது தத்துவம். மனோன்மணீயம் 1891 இல் வெளிவந்தது. அவர் வரலாற்றில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் கல்வெட்டுகளைத் தேடிச் சென்று படியெடுத்து, வேணாட்டுப் பழைய அரசர்களின் காலத்தை முதன்முதலில் சான்று காட்டி நிறுவியவர் அவரே. 1897 இல், நாற்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார். எம் வயதுக்கும் குறைவு என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நாணம் உண்டாகிறது.

கொச்சி நாட்டின் வரலாற்றை விரிவாக எழுதிய கே. பி. பத்மநாப மேனோன் வழக்கறிஞர். இங்கே பாதிரியாக இருந்த விஸ்ஸர் என்னும் டச்சுக்காரரின் கடிதங்களுக்குக் குறிப்பெழுதத் தொடங்கியவர், நான்கு தொகுதி அளவுக்கு எழுதிவிட்டார். அவர் மறைந்த பின்னரே, 1924 முதல் 1937 வரை, அவை அச்சாயின. சேரர் வரலாற்றைச் சங்க இலக்கியம் கொண்டு ஆராய்ந்த இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை மலையாளப் பேராசிரியர். புகளூர்க் குன்றில் சேர இரும்பொறையரின் பெயர்களை 1965 இல் படித்தறிந்த ஐராவதம் மகாதேவன் கல்லூரியில் பயின்றதோ வேதியியல். பிற்காலச் சோழர் சரித்திரம் தந்த சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்தில் தமிழாசிரியர். இவர்களைச் சுட்டி, வரலாற்றை மேஜராகப் பயில்வது வீண் என்று எவரும் வாதிட வேண்டா. முறையாகப் பயின்றோர் அளவுகோல் வகுத்ததனாலேயே ஏனையோர் உழைப்பும் நிலைத்தது. வேறொரு தொழிலை அறிந்தவன் வரலாற்றிடம் வந்தால் அத்தொழிலின் கண்ணோடு பார்க்கின்றான் என்பதே எம் கருத்து. துலாக்கூலி எம் கண்ணில் பட்டது போல.

இனி, எம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகின்றோம். ஜூ டவுனில் வாழ்ந்த யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேல் நாடு 1948 இல் உருவான பின்னர்ச் சிறிது சிறிதாகக் குடிபெயர்ந்தனர். இன்று அவ்வீதியில் அவர் இல்லங்கள் பழம்பொருட் கடைகளாகவும் நறுமணப்பொருட் கடைகளாகவும் விளங்குகின்றன. மக்கள் அகன்றும் செப்பேடு நின்றது. நம் நிலை என்ன? வெள்ளையடிக்கும் வேளையில் நம் சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகங்களைத் தாழ்வாரத்தில் வைத்து, மழையில் நனையவிட்டு, பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டோம். நிறுத்துக் கொடுத்தவர்களுள் யாமும் ஒருவர். அன்று எமக்கு அது காகிதம். இத்தனை கிலோ, இத்தனை ரூபாய்.

எஞ்சியது ஒரே புத்தகம், அலமாரிக்கு அடியில் செருகப்பட்டிருந்தமையால். அதில் சந்தா செலுத்தியோர் பெயரும் தொழிலும் உள்ளன: துறைமுகத் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், மளிகைக்கடைக் கணக்கர், புகைவண்டி ஊழியர். மகள் அதனைப் பார்த்துப் பார்த்துத் தன் கையேட்டில் பெயர்த்து எழுதினாள். மைனராக வரலாற்றையே கொண்டாள். அவள் தாய் இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை. கணிப்பொறி வகுப்புக்கு மாலையில் அனுப்புவதென்று உடன்பாடு ஆகியுள்ளது.

அவள் ஞாயிறுதோறும் காலனி இல்லங்களுக்கு வருவாள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யாரோடு வந்தீர்கள் என்று வினவுவாள். பெரியோர்கள் சலித்துக்கொள்ளாமல் விடையிறுக்க வேண்டுகிறோம். பழைய குடும்ப அட்டை, வாடகைச் சீட்டு, திருமண அழைப்பிதழ், துறைமுக வேலைச் சீட்டு முதலியன இருப்பின் எடுத்து வையுங்கள். படம் எடுத்துக்கொண்டு அப்பொழுதே திருப்பித் தந்துவிடுவாள். மூன்றாம் தெரு இல்லங்களுக்கு அடுத்த ஞாயிறு வருகிறாள்.