பாதுகாப்புக் காலணி: அடி மாற்றுதலும் பழுதுபார்த்தலும்

விழும் பொருள், ஆணி, சூடு, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து தொழிலாளியின் காலைக் காக்கும் காலணியே பாதுகாப்புக் காலணி. தொழிற்சாலைகளில் இதை ‘சேஃப்டி ஷூ’ என்பார்கள். தேய்ந்த அடியை எடுத்துவிட்டுப் புது அடி வைப்பது, விட்டுப்போன ஒட்டைச் சரிசெய்வது, பிரிந்த தையலைப் போடுவது ஆகிய மூன்றும் இதன் பழுதுபார்ப்பில் அடங்கும். இவற்றில் எது தகும், எது தகாது என்பது காலணியின் எந்தப் பகுதி கெட்டது என்பதைப் பொறுத்தது.

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் இந்தக் காலணி அன்றாடத் தேவை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இரும்பு உருக்கு உலைகளும் உருட்டாலைகளும் வார்ப்படச் சாலைகளும் உள்ளன. தேர்வாய்கண்டிகையில் மிஷலின் டயர் ஆலை இருக்கிறது. உருட்டாலைத் தரையில் கிடக்கும் இரும்புச் செதில், கசடு, எண்ணெய், ஆறாத துண்டுகள் எல்லாம் முதலில் தாக்குவது காலணியின் அடியைத்தான்.

அமைப்பும் தரமும்

மேல்தோல், விரல் பகுதியில் எஃகு அல்லது கலவைப் பொருளால் ஆன தொப்பி, உள் அட்டை, தேவைக்கேற்ப ஆணி துளைக்காத தகடு, வெளி அடி ஆகியவை சேர்ந்ததே பாதுகாப்புக் காலணி. இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 15298. இதன் இரண்டாம் பாகத்தின்படி விரல் தொப்பி 200 ஜூல் ஆற்றலுள்ள மோதலைத் தாங்க வேண்டும். மூன்றாம் பாகத்தில் அந்த அளவு 100 ஜூல். ஆணி தடுக்கும் தகடு இருந்தால் அது 1,100 நியூட்டன் விசை வரை துளைபடக் கூடாது. சூடு தாங்கும் அடி 300 டிகிரி செல்சியஸ் பரப்பில் ஒரு நிமிடம் வைத்தாலும் உருகவோ வெடிக்கவோ கூடாது. பாதுகாப்புக் காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இல் வெளியிட்டது. சென்னை அடையாறில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோல், காலணி ஆய்வுக்கும் சோதனைக்கும் நாட்டின் முதன்மையான இடம்.

அடி பொருத்தப்படும் முறை மூன்று வகைப்படும். முதலாவது, மேல்தோலை அச்சில் பூட்டி, திரவ பாலியூரித்தேனை ஊற்றி நேரடியாக வார்ப்பது. இதில் தனி ஒட்டே இல்லாததால் அடியைக் கழற்ற முடியாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, தனியாக வார்த்த அடியைப் பசையால் ஒட்டுவது. மூன்றாவது, மேல்தோலோடு ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையில் அடியைத் தைப்பது. அடி மாற்ற மிக எளிதானது மூன்றாவது வகை. ஆனால் இன்று தொழிற்சாலைகளில் பெரும்பாலும் வழங்கப்படுவது முதல் வகை.

அடி கெடும் விதம்

தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் கேடு. குதிகாலின் வெளி விளிம்பும் பாதம் மடங்கும் இடமும் முதலில் தேயும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயையும் சூட்டையும் நன்கு தாங்கும். அதனால் உலைப் பணிக்கு அதுவே ஏற்றது. பாலியூரித்தேன் எடை குறைந்தது, நடக்கச் சுகமானது. ஆனால் அவ்வளவு சூடு தாங்காது.

பாலியூரித்தேனுக்கு மறைவான எதிரி ஈரம். காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல அறுக்கின்றன. கடலோரத்தை ஒட்டிய கும்மிடிப்பூண்டியின் தட்பவெப்பம் இதற்கு வாய்ப்பானது. அணியாமல் ஸ்டோரில் பெட்டியிலேயே சில ஆண்டுகள் கிடந்த ஜோடிகூட, மாட்டிய முதல் நாளே அடி விட்டுப்போவது இதனால்தான். அப்படிக் கெட்ட அடி விரலால் அழுத்தினால் பழைய ரஸ்க் போல உதிரும். உதிரும் அடியின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

பழுதுபார்க்கலாமா, கழிக்கலாமா

அணிபவரே பார்த்து முடிவெடுப்பதற்கான அளவுகளைப் பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 20345 தருகிறது. மடங்கும் இடத்தில் அடியின் புடைப்பு 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தாலோ, அடியில் 10 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் ஆழமும் மிஞ்சிய வெடிப்பு இருந்தாலோ, மேல்தோலும் அடியும் 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல் பிரிந்தாலோ, மேல்தோலின் பாதித் தடிமன் வரை விரிசல் விட்டாலோ காலணியை மாற்ற வேண்டும். விரல் தொப்பி வெளியே தெரியும் அளவுக்குத் தோல் தேய்ந்தாலும் அப்படியே.

தொப்பியின் மேல் பாரம் விழுந்த காலணிக்குப் பழுதுபார்ப்பே கிடையாது. எஃகுத் தொப்பி உள்ளே நசுங்கியிருக்கலாம். கலவைத் தொப்பி வெளியே தெரியாமல் வெடித்திருக்கலாம். இரண்டாவது மோதலை அது தாங்காது.

சாலையோரக் கடையில் குத்தூசியால் அடியைச் சுற்றித் தைப்பது சாதாரணக் காலணிக்கு நல்ல வேலை. பாதுகாப்புக் காலணியில் அதே தையல் தீங்காகலாம். ஊசி, துணியாலான துளைத்தடுப்புத் தகட்டைக் கிழித்துவிடும். துளை வழியே எண்ணெயும் நீரும் ஏறும். நிலைமின்சாரத்தைக் கடத்தும் காலணியின் மின்தடை 100 கிலோ ஓமுக்கும் 1,000 மெகா ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். தடித்த பசையும் மாற்று உள் அட்டையும் அதைக் கெடுக்கும். எனவே வெளியே அடி மாற்றிய ஜோடிக்குப் பிடிப்பு திரும்பக் கிடைத்தாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உறுதியளித்த காப்பு அதே அளவில் இருப்பதாகக் கொள்ள முடியாது. அதை ஆபத்தில்லாத வேலைக்கோ போக்குவரத்துக்கோ வைத்துக்கொள்வதே தகும்.

அடி மாற்றும் முறை

பழைய அடியைச் சூடுகாற்றால் இளக்கி உரிக்கிறார்கள். நேரடியாக வார்த்த அடியாக இருந்தால் அறுத்து, மிச்சத்தைச் சாணையில் தேய்த்தெடுக்கிறார்கள். தோலின் வழவழப்பு போய்ச் சிறு இழைகள் எழும்வரை அடிப்புறம் தேய்க்கப்படும். தூசி துடைத்த பின் இரு பரப்புகளிலும் பசை பூசுவார்கள். தோலுக்கும் ரப்பருக்கும் நியோப்ரீன் பசை பொருந்தும், பி.வி.சி., பாலியூரித்தேன் அடிகளுக்குப் பாலியூரித்தேன் பசை வேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், மேலும் சூடேற்றி அடியை முனையிலிருந்து குதிகால்வரை வைத்து அழுத்துகிறார்கள். விளிம்பை வெட்டித் தேய்ப்பதோடு வேலை முடியும். ஆனால் ஒட்டு முழு வலிமை பெறக் குறைந்தது ஒரு நாள் வேண்டும். உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை காய்ந்ததும் விறைத்துவிடும். நடையில் மடங்கும் இடத்தில் அது விண்டுபோகும். இப்பசைகளின் கரைப்பான்கள் தீப்பற்றுபவை. காற்றோட்டமுள்ள இடத்திலேயே இந்த வேலை நடக்க வேண்டும்.

பாறையேற்றக் காலணியோடு ஒப்பீடு

அடி மாற்றும் கலை மிக நுட்பமாக வளர்ந்திருப்பது மலையேற்றத் துறையில். 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த விட்டாலே பிரமானி, 1937-இல் பற்கள் கொண்ட விப்ராம் ரப்பர் அடியை உருவாக்கினார். அந்த வடிவம் பின்னர் தொழிற்சாலைக் காலணிகளிலும் பரவியது. ஹம்பி, பாதாமி போன்ற இடங்களில் பாறை ஏறுவோர் அணியும் காலணியின் அடி பொதுவாக 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரையே தடித்தது, பற்கள் இல்லாதது. விரல் முனையில் தேய்ந்ததும் முன்பாதியை மட்டும் மாற்றுவார்கள். அடியைத் தாண்டி, விரலைச் சுற்றிய மெல்லிய ரப்பர் பட்டை தேயும் முன்பே பழுதுபார்க்கக் கொடுத்துவிட வேண்டும்; பட்டை ஓட்டையானால் வேலையும் செலவும் கூடும். அடி தீர்ந்து மேல்பகுதி தேயத் தொடங்கும் முன்பே பழுது பார்ப்பது என்னும் இந்த விதி எல்லாக் காலணிக்கும் பொருந்தும்.

பராமரிப்பு

ஷிப்ட் முடிந்ததும் புடைப்புகளுக்கு இடையே சிக்கிய இரும்புத் துகளைத் தூரிகையால் நீக்கி எண்ணெயைத் துடைக்க வேண்டும். நனைந்த காலணியை உலையோரத்திலோ வெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டு இளகும். உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துவதே முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் முழுதாக உலரும். ஸ்டோரில் முதலில் வந்ததை முதலில் கொடுக்க வேண்டும். தயாரிப்பு மாதம், ஆண்டு பார்த்தே வாங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் தரையும் ஆபத்தும் ஒன்றே. ஆகையால் காலணியைச் சோதிப்பதும் மாற்றிக் கொடுப்பதும் இருவருக்கும் ஒரே விதமாக இருக்க வேண்டும்.