உருது இல்லத்தில் பிறந்த தமிழ்க் கவிக்கோ

மதுரையில் 1937-ஆம் ஆண்டு பிறந்த கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்களின் தந்தையாரும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். எனினும் அவர்கள் தமது கவிதைக்குத் தமிழையே தேர்ந்துகொண்டார்கள். தியாகராசர் கல்லூரியில் பயின்று, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பல்லாண்டுகள் தமிழ்ப் பேராசிரியராகப் பணிபுரிந்தார்கள்.

1974-இல் வெளிவந்த ‘பால்வீதி’ அவர்களைப் புதுக்கவிதையின் முன்னோடிகளுள் ஒருவராக்கியது. புதுக்கவிதை புரியவில்லை என்று பலர் குறைகூறிய காலத்தில், அவர்கள் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. ஆசிரியருக்கே உரிய பொறுமையுடன் விளக்க முற்பட்டார்கள். ‘புதுக்கவிதையில் குறியீடு’ எனும் ஆய்வையும் எழுதினார்கள். பாரசீக, உருது மரபின் கஸலைத் தமிழில் பாடி, இல்லத்து மொழியின் கடனையும் தீர்த்தார்கள்.

‘ஆலாபனை’ 1999-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. 2017-இல் அவர்கள் மறைந்தார்கள். வீட்டு மொழி எதுவாயினும் தமிழில் தலைநிமிரலாம் என்பதே நம் பிள்ளைகளுக்கு அன்னாரின் வாழ்வு கூறும் பாடம்.